ஒரு துளியில் இரண்டு

தனக்குக் கல்லீரலில் பாதியைக் கொடுத்த அக்காவுக்கு ஜெனோவாவால் இன்றுவரை நன்றி சொல்ல முடியவில்லை. வாயெடுத்தாலே அமலி, "சோறு ஆறுது, முதல்ல தின்னு" என்று அடைத்துவிடுவாள். ஆய்வகத்துக்குச் சாப்பாட்டோடு வந்தவளை ஜெனோவா அன்று விடாப்பிடியாக நுண்ணோக்கியின் முன் உட்காரவைத்தாள்.

"இது கடல் முள்ளெலியோட கரு, அக்கா. கடலடியில முள்ளு உருண்டையாக் கெடக்குமே, அதுதான். முந்தாநாள் அது ரெண்டு செல்லா ஆன உடனே, குழாயில போட்டுக் குலுக்கித் தனித்தனியாப் பிரிச்சுட்டேன்."

"அடிப்பாவி! பச்சப்புள்ளையவா?"

"பாரேன்."

அமலி ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு குனிந்தாள். ஒரு துளி நீரில் இரண்டு குஞ்சுகள் நீந்தின. வழக்கத்தைவிடச் சிறியவைதான், ஆனால் வாய், வயிறு, நீட்டிய கைகள் என எதிலும் குறையில்லை.

"பாதி பாதியால்ல இருக்கணும்? ரெண்டும் முழுசா இருக்கே!"

"நம்ம ஸ்கேனும் இப்படித்தானக்கா இருந்துச்சு. ரெண்டு பேருக்கும் ஈரல் முழுசா வளந்துட்டுன்னு டாக்டர் சொன்னாருல்லா?"

அமலியின் கை சேலைக்கு மேலாக வயிற்றுத் தழும்பைத் தடவியது. "சரி, இதுல குடுத்தது எது, வாங்குனது எது?"

"சொல்ல முடியாதுக்கா."

"பெறவு என்னட்டி? வா, சோறு ஆறுது."

அன்றைக்குத்தான் ஜெனோவா முதன்முறையாக, நன்றி சொல்ல வாயெடுக்காமல், "இன்னும் கொஞ்சம் போடுக்கா" என்று தட்டை நீட்டினாள்.