அமுக்குணி முத்துப்பேச்சி

"முத்துப்பேச்சி, 'புட் அப் வித்'னா என்ன?"

"மேல தூக்கி வைக்கிறது சார்."

வகுப்பே சிரித்தது. ராஜபாண்டி சார் மட்டும் சிரிக்கவில்லை. "பொறுத்துப்போறதும்மா. பின்னால ஒட்டிக்கிட்டு வர்ற சின்ன வார்த்தைங்க அர்த்தத்தையே மாத்திரும். ஜெகதீஸ்வரி, இதை வச்சு ஒண்ணு சொல்லு."

பக்கத்தில் இருந்த ஜெகதீஸ்வரி எழுந்தாள். "ஐ கான்ட் புட் அப் வித் தி தறிச் சத்தம் சார்."

கீழே பவர்லூம் ஓடுகிற மாடியில் நடக்கிற இங்கிலீஷ் வகுப்பு அது. "சபாஷ்!" என்றார் சார்.

ஜெகதீஸ்வரிக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. இந்த முத்துப்பேச்சி அக்கா மேல் அவளுக்கு ஒரு சந்தேகம். நேற்று 'லுக் ஆஃப்டர்' கேட்டதற்கு, 'பின்னாடி திரும்பிப் பாக்குறது' என்றாள். தப்பித்தவறிக்கூட ஒரு நாள் சரியாகச் சொன்னதில்லை. இத்தனை ஒழுங்காக யாருக்காவது தப்பு வருமா?

மாதக் கடைசியில் ஒரு சேலை ஏற்றுமதிக் கம்பெனி இந்த வகுப்பிலிருந்து ஒரே ஒருத்தியைத்தான் வேலைக்கு எடுக்கப் போகிறது. வெளிநாட்டுக்காரர்களோடு போனில் பேசுகிற வேலை. அது மட்டும் கிடைத்துவிட்டால், அம்மா இனிமேல் பருத்திக்காட்டுக் கூலிக்குப் போகவேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் குட்டு உடைந்தது. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ரெட்டியபட்டி பஸ்ஸுக்கு நின்றிருந்தாள் ஜெகதீஸ்வரி. தூணுக்கு அந்தப் பக்கம் முத்துப்பேச்சி போனில் பேசிக்கொண்டிருந்தாள். இங்கிலீஷில்! 'லுக் இன்டு' என்ன, 'கெட் பேக் டு' என்ன, எல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

ஜெகதீஸ்வரிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அடி அமுக்குணி! மக்கு மாதிரி நடித்து எல்லாரையும் அசரவிட்டு, கடைசி நாளில் வேலையைத் தட்டிக்கொண்டு போகவா பார்க்கிறாய்?

மறுநாள் சார் வழக்கம்போல முத்துப்பேச்சியிடம் ஆரம்பித்தார். "கம் அக்ராஸ்?"

முத்துப்பேச்சி தலையைச் சொறிந்தாள். "குறுக்க வந்து விழுறது சார்."

சிரிப்புக் கிளம்புவதற்குள் ஜெகதீஸ்வரி எழுந்துவிட்டாள். "இந்தக்கா நடிக்கிறாக சார்! நேத்து பஸ் ஸ்டாண்டுல தண்ணியா இங்கிலீஷ் பேசுனாக. நான் என் காதால கேட்டேன்."

முத்துப்பேச்சி முகம் சிறுத்துப்போய், பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

"பாத்தீகளா சார், நழுவிட்டாக! ஒரு வேலைக்காக என்ன வேசம்!"

"அந்தக் கம்பெனியிலதான் அவ ரெண்டு வருசமா வேலை பாக்குறா" என்றார் சார். "இங்கிலீஷெல்லாம் எங்கிட்ட எப்பவோ படிச்சு முடிச்சவ."

ஜெகதீஸ்வரி விழித்தாள். "அப்புறம் எதுக்கு சார் தெனமும் வந்து உக்காந்து தப்பாச் சொல்றாக?"

"மொத நாள் நீ சொன்ன பதிலுக்கு எல்லாரும் சிரிச்சதும், அழுதுக்கிட்டே இறங்கி ஓடுனயே. அன்னிக்கு என்னையப் பாக்க வந்தவ, படியில உன்னையப் பாத்துட்டா. மறுநாளே பையும் கையுமா வந்து நின்னா. 'அந்தப் பிள்ளையக் கேக்குறதுக்கு முன்னாடி என்னையக் கேளுங்க சார். சிரிக்கிறவுக என்னையப் பாத்துச் சிரிச்சுட்டுப் போகட்டும்'னு சொன்னா."