லாம்

சாட்சிக் கூண்டில் டாக்டர் காத்து நின்றாள்.

இசக்கியம்மாளின் வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். அவளைப் பார்த்தார். கோப்பை மூடிவிட்டார்.

“கேள்வி இல்லைங்க ஐயா.”

கேட்க மாட்டார்கள். பிரேதப் பரிசோதனையில் இருபத்திரண்டு ஆண்டுகள். இந்தக் கூண்டில் டாக்டர் ஒருமுறைகூடத் தடுமாறியதில்லை. கேள்வி கேட்டவர்கள்தாம் தடுமாறினார்கள்.

எதிர்க் கூண்டில் இசக்கியம்மாள். படுத்த படுக்கையாகக் கிடந்த மாமனாரின் கழுத்தை நெரித்துக் கொன்றதாக வழக்கு. பார்த்த சாட்சி இல்லை. இருப்பது டாக்டரின் அறிக்கை மட்டும்.

கழுத்தில் வரிசையாகச் சிராய்ப்புகள். நெரிக்கப்பட்டிருக்கலாம்.

அந்த ‘லாம்’ இசக்கியம்மாளைப் பதினான்கு மாதம் சிறையில் வைத்திருந்தது.

“நீங்க போகலாம், டாக்டர்” என்றார் நீதிபதி.

அவள் இறங்கவில்லை.

போன வாரம் அவளுடைய பரிசோதனை மேசைக்கு வேறோர் உடல் வந்தது. காலையில் கழுத்து சுத்தமாக இருந்தது. பரிசோதனையைத் தொடங்கப் போலீஸ் காகிதம் வந்து சேர மதியமாகிவிட்டது. துணியை விலக்கினாள்.

அதே சிராய்ப்புகள். அதே வரிசை.

துணி மடிப்பில் எறும்புகள்.

மாமனாரின் புகைப்படத்தைத் தேடியெடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தாள். தன் குறிப்பையும் படித்தாள். ‘தோலுக்கு அடியில் ரத்தக் கசிவு இல்லை.’ உயிரோடு இருந்தபோது நெரித்திருந்தால் கசிந்திருக்கும். அவள் கையெழுத்துதான். எழுதியவளே அதைத் தாண்டிப் போயிருந்தாள்.

“ஐயா, என் அறிக்கையில ஒரு தப்பு இருக்கு.” குரல் எப்போதும்போல் இருந்தது. “அது எறும்பு கடிச்ச தடம். உயிர் போன பிறகு கடிச்சது. யாரும் கழுத்தை நெரிக்கலை.”

அரசு வக்கீல் துள்ளி எழுந்தார்.

“எறும்பா இருக்கலாம்னு சொல்றீங்களா, டாக்டர்?”

“லாம் இல்லை சார். எறும்பு.”

இசக்கியம்மாள் பக்கத்தில் நின்ற பெண் போலீசின் கையைத் தொட்டாள்.

“அந்தம்மா என்ன சொல்லுதாவ?”

“எறும்பாம்.”

இசக்கியம்மாள் நீதிபதி பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னாள்.

“அதைத்தானய்யா மொத நாளே சொன்னேன், எறும்பைத் தட்டித் தட்டி விட்டேன்னு.”

நீதிமன்றத்தில் யாரும் அவளை அதட்டவில்லை.

மதியம் மருத்துவமனைக்குத் திரும்பியதும் டாக்டர் பெரிய அலமாரியைத் திறந்தாள். இருபத்திரண்டு ஆண்டுகளின் அறிக்கைப் பிரதிகள், கட்டுக் கட்டாக.

நாற்காலியை இழுத்துப் போட்டாள். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

முதல் கட்டை அவிழ்த்து, ‘லாம்’ தேட ஆரம்பித்தாள்.