டிவி சத்தம்

"டிவிய அணைம்மா" என்றேன். இந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், அண்ணன் உள்ளறையில் அண்ணியை அடிக்கும்போது இதை மட்டும் கேட்கக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. முன்பெல்லாம் அண்ணன் வாசலில் இழுத்துப் போட்டுத்தான் அடிப்பான். யாராவது ஓடிவந்து கையைப் பிடிப்பார்கள். கோடி வீட்டுக்காரனை அவன் பெண்டாட்டி கொடுத்த புகாரில் ஜீப்பில் ஏற்றிப் போனதிலிருந்து தெருவுக்கே சட்டம் தெரிந்துவிட்டது. இப்போது முகத்தில் அடிப்பதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு டிவி சத்தத்தைக் கூட்டுகிறார்கள். ஒரு வீட்டில் கூட்டினால் பக்கத்து வீட்டிலும் கூட்டுவார்கள். அது ஒரு மரியாதை.

"வெளிய கேட்டா கேஸாயிடும்டி. காலேஜ் படிச்சவதான நீ, தெரியாது?" என்றாள் அம்மா, ரிமோட்டை மடியில் பொத்திக்கொண்டு. பிளக்கைப் பிடுங்கினேன்.

"சத்தம் போடலங்க, நான் சத்தமே போடலங்க" என்று அண்ணி கெஞ்சுவது கூடம் வரை கேட்டது. உடனே அடி நின்றது.

"என்னம்மா, கரண்ட் போயிடுச்சா?" என்றான் அண்ணன் உள்ளிருந்து.

நான் செருப்பை மாட்டினேன். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "ஸ்டேஷனுக்கா போற? மூட்ட தூக்கி உன்னப் படிக்க வெச்சவன்டி அவன்."

"அதையும் சேத்தே எழுதிக் குடுக்கிறேன்" என்று கையை விடுவித்துக்கொண்டு படியிறங்கினேன்.