இங்கிலீஷில் சொல்

பம்பாய் மாதுங்காவில் தமிழர் கடைகள் மீது கல் விழத் தொடங்கிய வாரம், கல்லூரி முதல்வர் சுந்தரராமன் புது விதி ஒன்று போட்டார்.

"கேட்டுக்குள்ள தமிழே கேக்கப்படாது. அப்பதான் கல்லெறியறவா நம்ம பக்கம் வரமாட்டா."

"ஊர்லேர்ந்து புதுசா வந்த பசங்க என்ன சார் பண்ணுவா?" என்றார் துணை முதல்வர் வெங்கடராமன்.

"கத்துக்கட்டும். மீறினா சஸ்பென்ஷன்."

மறுநாள் காலை, தாராவி மாணவி செண்பகவல்லி மூச்சிரைக்க முதல்வர் அறைக்குள் ஓடிவந்தாள். அவள் திருநெல்வேலியிலிருந்து பம்பாய் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

"சார், கேட்டுக்கு வெளிய..."

"ஸ்டாப்! ரூல் தெரியாதா? இங்கிலீஷ்ல சொல்லு."

"சார்... ஐ... ஷி..." அவளுக்கு நாக்குக் குழறியது.

"வெளியில நின்னு யோசிச்சுண்டு வா. அதுவரைக்கும் நான் கேக்கமாட்டேன்."

அவள் கதவுக்கு வெளியே உதடுகளை அசைத்தபடி நின்றாள். விதி வேலை செய்கிறது என்று அவருக்குத் திருப்தியாக இருந்தது.

திரும்பி வந்தவள் பிழையில்லாமல் சொன்னாள்: "சார், யுவர் டாட்டர் இஸ் ப்ளீடிங்."

சுந்தரராமன் பதறி எழுந்தார். "விசாலமா? எங்கேம்மா? என்னாச்சு?"

அவள் பயந்த கண்களோடு அடுத்த இங்கிலீஷ் வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"தமிழ்லயே சொல்லும்மா" என்று அவர் கைகூப்பினார்.

அவள் முதலில் போய்க் கதவைச் சாத்தினாள். பிறகு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்: "நெத்தியில கல்லு பட்டுட்டு சார். எங்க அண்ணன் டாக்டர்ட்ட தூக்கிட்டுப் போயிருக்காவ. உசுருக்கு ஒண்ணுமில்ல."

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.