சாரைக் காணவில்லை

"அக்கா, என்னா அடிச்சிருக்கீங்க? எல்லாரும் வந்து பாருங்க லா."

வாசு சார் கூப்பிட்டதும் பிரிக்பீல்ட்ஸ் கம்ப்யூட்டர் வகுப்பே ஏழாம் நம்பர் மெஷினைச் சுற்றிக்கொண்டது. சீதாலெட்சுமிக்குக் காது மடல் சுட்டது. மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கிள்ளானிலிருந்து ரயிலேறி வருகிறவள். இதில் பாஸானால்தான் கிலாங் தொழிற்சாலையில் மேசை வேலை.

புதுப் பாடம். எல்லாமே பங்ஷன்தான், ஒரு வேலைக்கு ஒரு கட்டளை. சின்ன எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் பங்ஷன் மெஷினுக்குள் இருக்கும் லைப்ரரியில் 'சார்' என்ற மாடியூல் பைலில் இருக்கிறதாம். "முதல் வரியிலேயே 'இம்போர்ட் சார்'னு கூப்பிட்டாத்தான் வரும்" என்று சொல்லியிருந்தார்.

அவள் மரியாதையாக எஸ்-ஐ-ஆர் என்று அடித்திருந்தாள்.

"சி-எச்-ஏ-ஆர், அக்கா. நீங்க என்னையே இறக்குமதி பண்றீங்க. மெஷின் என்னா சொல்லுது, தமிழ்ல சத்தமா படிங்க."

எழுத்துக் கூட்டிப் படித்தாள். "சாரைக்... காணவில்லை."

சிரிப்பு அடங்க நேரமானது. 'இவன் தொலைஞ்சாத்தான் என்ன' என்று மனசுக்குள் ஒரு நொடி வந்து போனது.

மறுநாள் வாசு சார் வரவில்லை. காலையில் மோட்டார் சைக்கிளில் வரும்போது லோரி மோதி, அங்கேயே உயிர் போய்விட்டது.

"வாய் முகூர்த்தம் அக்கா," என்றான் பக்கத்து மெஷின் வேலாயுதம், பாதி விளையாட்டாக. "காணோம்னு படிச்சீங்க, ஆளையே காணோம்."

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நினைத்தது அவளுக்கு மட்டும்தானே தெரியும்.

பத்தாம் நாள் டெஸ்ட். புதிதாக வந்த மார்க்கிரட் மிஸ் தாள் கொடுத்தார். ஏதாவது ஒரு பெயரைப் பெரிய எழுத்தாக்க வேண்டும். பத்து நாளாய் மனசை அரித்த சொல்லே விரலில் வந்துவிட்டது. எஸ்-ஐ-ஆர். அழிப்பதற்குள் என்டர் தட்டுப்பட்டது.

மெஷின் மறுக்கவில்லை. அடுத்த வரியில் அவள் அடித்த மகள் புனிதவதியின் பெயர் பெரிய பெரிய எழுத்தில் வந்து நின்றது.

வேலாயுதம் எட்டிப் பார்த்தான். தன் மெஷினில் அதையே அடித்தான். 'சாரைக் காணவில்லை.' அடுத்தவளும் அடித்தாள். காணவில்லை. ஏழாம் நம்பரில் மட்டும் சார் இருந்தார்.

வேலாயுதம் நாற்காலியோடு நகர்ந்துகொண்டான்.

மார்க்கிரட் மிஸ் அவளுடைய போல்டரைத் திறந்தார். "சார்னு ஒரு பைல் இருக்கு. நீங்க செஞ்சதா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது மிஸ்."

தேதியைப் பார்த்தார்கள். எல்லாரும் சிரித்த அதே நாள். வகுப்பு விட்டு இருபது நிமிஷம் கழித்து.

உள்ளே, எஸ்-ஐ-ஆர் என்று கூப்பிட்டால் சி-எச்-ஏ-ஆரைக் கொடுக்கச் சொல்லி இரண்டே வரி. அதற்கு மேலே ஆங்கில எழுத்தில் ஒரு தமிழ்க் குறிப்பு. மிஸ் மெதுவாக வாசித்தார்.

"அக்கா பயத்துல திரும்பவும் இப்படித்தான் அடிப்பாங்க. என்னால இன்னொரு தடவை அவங்களப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது."