கூமுட்டைக் கணக்கு

செவலைக் கோழி பத்து முட்டைகளின் மேல் அடை படுத்திருந்தது. முருங்கைக் கிளையிலிருந்து காகம் கேட்டது: "பத்தும் பொரிஞ்சிடும்னா நினைக்கிறே, அக்கா?"

"பின்னே?"

"இந்தக் கொல்லையில வருஷக்கணக்கா பார்க்கறேன். அஞ்சுக்கு நாலுதான் குஞ்சாகுது, ஒண்ணு கூமுட்டை. அந்தக் கணக்குப்படி உன் பத்தும் பொரிய வாய்ப்பு பத்துக்கு ஒண்ணுதான். எட்டு பொரியத்தான் வாய்ப்பு அதிகம்."

வீணாகப் போகிற இரண்டுக்கு எதற்குச் சூடு கொடுப்பது என்று செவலைக்குத் தோன்றியது. ஓரமாகக் கிடந்த இரண்டை மூக்கால் வெளியே தள்ளிவிட்டது. காகம் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போனது.

இனி மிச்சமெல்லாம் குஞ்சுதான் என்று செவலை நிம்மதியாக இறகை விரித்துப் படுத்தது.

காகம் அலகைக் கிளையில் தீட்டிக்கொண்டே மறுபடியும் கேட்டது: "இப்ப எத்தனை, அக்கா?"

"எட்டு. எட்டும் பொரிஞ்சிடும்."

"அதெப்படி? எட்டுன்னா கணக்கு வேற. எட்டும் பொரிய ஆறுக்கு ஒண்ணுதான் வாய்ப்பு. ஏழு பொரியத்தான் வாய்ப்பு அதிகம்."

செவலை யோசித்தது. போன தடவையும் காகம் சொன்னபடி எட்டுதானே மிஞ்சியது?

மெல்ல எழுந்து, அந்த ஒன்று எது என்று தேட ஆரம்பித்தது.