கடைசி பீப்

அம்சவேணி கைக்கடிகாரத்தின் திருகை வெளியே இழுத்து, முட்களை எட்டு மணியில் வைத்துக்கொண்டு ரேடியோவின் பக்கத்தில் நிற்கிறாள். செய்திக்கு முன் ஒலிக்கும் கடைசி பீப்பில் திருகை அமுக்க வேண்டும். போன வாரம் எட்டு மணிக்கு ஊதும் ஊர்ச் சங்கை நம்பி, எட்டேகாலுக்குப் புறப்படும் செங்கல்பட்டு பஸ்ஸின் முதுகைத்தான் பார்த்தாள். நர்ஸ் பயிற்சிக்கான நேர்காணல் தவறிப்போனது. இன்றைக்கு இன்னொரு வாய்ப்பு. ஊர்ச் சங்கு அதை ஊதுகிறவரின் கையைப் பொறுத்தது, கோயில் மணி நைவேத்தியம் முடிவதைப் பொறுத்தது. பஸ்காரர்கள் கடிகாரம் வைப்பதோ ரேடியோவைக் கேட்டு. ஆனால் பிள்ளையார்பாளையத்துத் தறிச்சத்தத்தில் ரேடியோவே கேட்கவில்லை. "கொஞ்சம் தறிய நிறுத்துங்கப்பா!" அப்பா மிதியிலிருந்து காலை எடுக்கிறார். அடுத்த வீட்டுக் குப்புசாமியின் தறி நிற்கவில்லை. "உன் வாட்சுக்கு நான் ஏம்மா சும்மா குந்திக்கினு இருக்கணும்?" "பஸ்ஸு போச்சுன்னா நீதான் மாமா என்னைய சைக்கிள்ல வச்சு செங்கல்பட்டு வரைக்கும் மிதிக்கணும்!" அந்தத் தறியும் நிற்கிறது. சன்னல் வெயிலில் பாதி நெய்த சேலையின் ஜரிகை மட்டும் அசையாமல் மின்னுகிறது. பீப், பீப் என்று ஒலித்து, கடைசி பீப் நீள்கிறது. கட்டைவிரல் அமுக்க, கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. "இப்ப தறிய அடிங்க!" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புகிறாள். தெருமுனையை அவள் நெருங்கும்போதுதான் சங்கு ஊதுகிறது. குப்புசாமி சன்னலில் தலையை நீட்டுகிறார். "இப்பதாம்மா எட்டே ஆவுது!" "அது உன் எட்டு மாமா. பஸ்ஸோட எட்டு அப்பவே ஆயிட்டுது!"